சாகாவரம் பெற்ற சட்டைக்கு

பாலியஸ்டரே, உன்னைப் புகழாமல் இருப்பது நன்றிகெட்ட செயல். 2023-இல் உலகம் உருவாக்கிய இழை ஏறத்தாழ 12.4 கோடி டன். அதில் நூற்றுக்கு 57 பங்கு நீ. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனை உடுத்திவந்த பருத்திக்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குதான். உனக்கோ வயது இன்னும் நூறு ஆகவில்லை. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை உடல்களின்மேல் ஏறி உட்கார்ந்த துணி வேறெதுவும் இல்லை. நான் சொல்லப்போகும் புகழில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லாம் நீ செய்தவை, செய்துகொண்டிருப்பவை.

நீ பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1941-இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் உன்னை உருவாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது கேலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன். பருத்தித் துணிக்கு அச்சுப் போட்டுப் பிழைத்த நிறுவனம் அது. பருத்தியின் சோற்றைத் தின்ற வீட்டில் பிறந்து பருத்தியையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளினாய். இங்கிலாந்தில் உனக்கு டெரிலின் என்று பெயர், அமெரிக்காவில் டேக்ரான். எங்கள் ஊர்களில் டெர்லின் சட்டை போட்ட மாப்பிள்ளைக்கு ஒரு தனி மிடுக்கு இருந்தது. நீ கசங்கவில்லை, சாயம் போகவில்லை, கொடியில் போட்ட சற்று நேரத்தில் காய்ந்தாய். கஞ்சி போட்டு, உலர்த்தி, நீர் தெளித்துச் சுருட்டிவைத்து, இஸ்திரி தேய்த்துத் தோள்பட்டை ஓய்ந்த பெண்களுக்கு நீ கொடுத்த ஓய்வு உண்மையானது. அதை இல்லையென்று சொல்கிறவர் தன் துணியைத் தானே துவைத்தவராக இருக்க முடியாது. கையில் காசு குறைவாக இருந்தவர்களுக்கும் பண்டிகை நாளில் பளபளப்பான புதுத்துணி கிடைக்கச் செய்ததும் நீதான்.

உன் பெருமைகளில் தலையாயது உன் ஆயுள்.

பருத்திக்கு அந்தக் கௌரவம் தெரியாது. புதுச் சேலையாக வீட்டுக்குள் வரும். வெளிறியதும் வீட்டில் உடுத்தும் சேலையாகிவிடும். நைந்தபின் உத்தரத்தில் தூளியாகத் தொங்கும். தூளியின் பாரம் தாங்காத நிலை வந்தால் கிழிபட்டுப் பிள்ளைக்கு இடுப்புத்துணியாகும். அங்கிருந்து அடுப்பங்கரைக்கு இறங்கிக் கரித்துணியாகும். கடைசியில் வாசலில் மிதியடியாகக் கிடக்கும். பழைய வேட்டியோ விளக்குக்குத் திரியாகிவிடும். எல்லாம் முடிந்தபின் எருக்குழியில் மட்கி மண்ணாகி, முருங்கையின் வேருக்கு உணவாகும். ஒரே பிறவிக்குள் இத்தனை படி இறங்குகிற துணி அது.

நீ ஒரு படிகூட இறங்கியதில்லை. அடுப்பில் காய்ந்த இரும்புச்சட்டியைப் பிடிக்க உன்னை எடுத்தால் இளகிவிடுவாய். பழைய ஜார்ஜெட் சேலையால் தரையைத் துடைத்தால் தண்ணீர் இங்கிருந்து அங்கே நகரும், அவ்வளவுதான். விளக்கில் திரியாக இட்டால் உருகிக் கருகுவாய். பிள்ளையின் ஈரத்தை ஏற்கமாட்டாய். எந்தப் பளபளப்போடு வீட்டுக்குள் வந்தாயோ அதே பளபளப்போடு குப்பைமேட்டுக்குப் போகிறாய். அங்கேயும் மண்ணோடு கலக்க மறுக்கிறாய். வாங்கியவர் போய்ச் சேர்ந்த பிறகும், அவர் பெயரைச் சொல்ல ஆளில்லாத காலத்திலும் நீ எங்காவது இருப்பாய். சித்தர்கள் மலைமலையாகத் தேடிய காயகற்பம் எண்ணெய்க் கிணற்றுக்குள் இருந்திருக்கிறது. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த இரண்டு பொருள்களைச் சேர்த்து, உருக்கி, நுண்துளைகள் வழியே பிழிந்தால் நீ வருகிறாய். ஒரு கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் உடுத்துவதற்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கொண்ட ஒன்றை எங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

உன் கொடைக் குணம் அதற்கு அடுத்தது. கேட்காதவர்க்கும் கொடுக்கிறாய். ஒவ்வொரு சலவையிலும் உன் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்குகளைப் பிய்த்துத் தண்ணீரில் விடுகிறாய். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் இதை எண்ணிப் பார்த்தார்கள். ஆறு கிலோ துணியை வாஷிங் மெஷினில் ஒருமுறை துவைத்தால், அது முழுக்கப் பாலியஸ்டராக இருக்கும்போது சுமார் 4,96,000 துணுக்குகள் வெளியேறக்கூடும் என்று கணக்கிட்டார்கள். பருத்தியோடு கலந்த துணியில் அது சுமார் 1,38,000. அக்ரிலிக் மட்டுமே உன்னை விஞ்சியது, ஏழு லட்சத்துக்கும் மேல். பருத்தியும் இழை உதிர்க்கும். ஆனால் அது காலப்போக்கில் மட்கிப்போகும். நீ கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும். சாக்கடை வழியாக ஆற்றுக்கும், ஆற்றின் வழியாகக் கடலுக்கும், கடலில் மீனின் வயிற்றுக்கும் போய்ச் சேரும்.

திருவண்ணாமலையில் சிவனின் அடியைத் தேடித் திருமால் பூமியைத் தோண்டிப் போனார், முடியைத் தேடிப் பிரமன் பறந்து போனார், இருவரும் காணவில்லை என்கிறது புராணம். உன் அடியும் முடியும் கண்டாகிவிட்டது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள ஆறு ஆழ்கடல் பள்ளங்களில் வாழும் சிற்றுயிர்களைப் பிடித்து வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். மரியானா பள்ளமும் அவற்றில் ஒன்று. உள்ளே செயற்கை இழைகள் இருந்தன. 2019-இல் வெளியான ஆய்வு அது. அடுத்த ஆண்டு எவரெஸ்டில், உச்சிக்குச் சற்றுக் கீழே 8,440 மீட்டர் உயரத்துப் பனியிலும் இழைகள் கிடைத்ததாக இன்னோர் ஆய்வு சொன்னது. அந்த மலையில் எடுத்த மாதிரிகளில் மிகுதியாக இருந்தது நீ. மனிதன் போகத் தயங்குகிற இடத்துக்கும் மனிதனின் சட்டை முன்கூட்டியே போய்விட்டது.

மற்ற துணிகள் எங்களைத் தோலோடு அறியும். நீ இன்னும் நெருங்கியிருக்கிறாய். நெதர்லாந்தில் 2022-இல் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 17 பேரின் இரத்தத்தில் பிளாஸ்டிக் இருந்தது. மற்ற வகைகளைவிட அதிகம் பேரிடம் இருந்தது பெட், அதாவது உன்னையும் தண்ணீர்ப் புட்டியையும் செய்கிற அதே பொருள். அது புட்டியிலிருந்து வந்ததா சட்டையிலிருந்து வந்ததா என்று இரத்தத்துளி சொல்லாது. 

உன் நேர்மையைப் பற்றி இங்கே வெயிலில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருத்தி, காற்றில் சாதாரணமாக இருக்கும் ஈரத்திலேயே தன் எடையில் எட்டரை விழுக்காடு அளவுக்கு நீரைப் பிடித்துவைக்கும். நீ அரை விழுக்காடுகூடப் பிடிப்பதில்லை. பருத்தி எங்கள் வியர்வையைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும், காற்றுக்குக் கொடுத்துவிடும். நீ அப்படி அபகரிப்பதில்லை. யார் வியர்வையோ அவரிடமே விட்டுவிடுகிறாய். வைகாசி முகூர்த்தத்தில், மண்டபத்துக் கூட்டத்தில், பளபளக்கும் பாவாடை சட்டைக்குள் நிற்கிற நான்கு வயதுப் பிள்ளையின் கழுத்தையும் முதுகையும் மாலையில் பார்த்தால் நீ விட்டுவைத்தது வேர்க்குருவாக மலர்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அழத்தான் தெரியும், துணியைக் குறைசொல்லத் தெரியாது. எல்லோரும் பிள்ளைக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். உன்மேல் பழி வராது.

ஓட்டக்காரர்களுக்கென்று மெல்லியதாக, காற்று புகும்படி பின்னிய பாலியஸ்டர், வியர்வையை வெளிப்பக்கம் கடத்தி விரைவில் உலர்வது உண்மை. ஆனால் அதிலும் உன் பழைய உறவை மறக்காத குணம் இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014-இல் உடற்பயிற்சி முடித்த 26 பேரின் டி-சர்ட்டுகளை ஒருநாள் கழித்து முகர்ந்து ஒப்பிட்டார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டரில் நாற்றம் கூடுதலாக இருந்தது. நாற்றத்தை உண்டாக்கும் சிலவகை நுண்ணுயிர்கள் உன்மேல்தான் செழித்து வளர்ந்திருந்தன.

பட்டாசு வெடிக்கும்போது பருத்தி உடுத்துங்கள் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறார்களே, அது உன் பற்றுதலைக் கண்டு அஞ்சித்தான். பருத்தியும் எரியும், விரைவாகவே எரியும். எரிந்து சாம்பலாக உதிரும். நீ உருகித் தோலோடு ஒன்றிப்போவாய். பிரித்தெடுக்க வந்தால் தோலையும் கூட அழைத்துக்கொண்டுதான் வருவாய்.

இவ்வளவு பெருமை இருந்தும் உனக்குத் தற்புகழ்ச்சி கிடையாது. ஜவுளிக்கடையில் போய்ப் ‘பாலியஸ்டர் காட்டுங்கள்’ என்று கேட்கிறவர் அநேகமாக யாருமில்லை. ஆனாலும் கடையில் பாதி நீதான். ஜார்ஜெட், கிரேப், சாட்டின், ஷிஃபான் என்று பட்டின் குடும்பப் பெயர்களை அணிந்துகொண்டு நிற்கிறாய். ‘ஆர்ட் சில்க்’ என்ற பெயரில் கலைஞனைப் போல நிற்கிறாய். ‘சாஃப்ட் சில்க்’, ‘காட்டன் சில்க்’, ‘காட்டன் ஃபீல்’ என்ற அட்டைகளுக்குப் பின்னாலும் பல சமயம் இருப்பது நீ. மதுரைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சுப் போட்டாக வேண்டும். நெகமத்திலும் காரைக்குடிப் பக்கத்திலும் தறியில் உட்கார்ந்து, கட்டம் பிசகாமல் நாள்கணக்கில் நெய்தாக வேண்டும். நீ அந்தப் புள்ளியையும் கட்டத்தையும் அச்சில் ஒரு மணி நேரத்துக்குள் மீட்டர் மீட்டராக எடுத்துக்கொள்கிறாய். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்படி செய்த உன் சமத்துவத்தால் நெசவாளியின் பிள்ளைகள் தறியை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்குத் தொந்தரவு தருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பார்த்தால் நீ அலமாரிக்குள் பின்வாங்குவாய். ஒரு பெண்மணி கடைக்குள் வருகிறார். துணியின் பூவேலையை அவர் முதலில் பார்ப்பதில்லை. உட்புறம் திருப்பித் தையலோரத்துப் பட்டையைப் படிக்கிறார். அதில் எத்தனை விழுக்காடு எது என்று இல்லாவிட்டால், ‘அண்ணே, இதுல கலப்பு எவ்வளவு?’ என்று கேட்கிறார். கையில் கொஞ்சம் கசக்கிப் பிடித்து விடுகிறார். கசங்கல் விழாமல் துள்ளி விரிந்தால் கீழே வைத்துவிடுகிறார். விரல்நுனி ஈரத்தைத் தொட்டு வைக்கிறார். முத்துப்போல நின்றால் ஒரு முடிவுக்கும், உடனே பரவினால் இன்னொரு முடிவுக்கும் வருகிறார். கடைகளில் துணிக்கு மெருகேற்றும் பூச்சுகள் இந்தச் சோதனையை ஏமாற்றும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை வாங்கிப் போய், வீட்டில் இரும்புக் கரண்டியின்மேல் வைத்துக் கொளுத்துகிறார். காகிதம் எரிகிற வாசமும் தொட்டால் தூளாகும் சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் கரியும் வந்தால் பட்டு. தீயைக் கண்டதும் சுருங்கி, உருகி, கடைசியில் நசுங்காத கறுப்பு மணியாக உறைந்தால் அது நீ. தீயின் முன்னால் மட்டும் உன் சொந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறாய்.

உன்னை நியாயமாகப் புகழ்வதென்றால் பருத்தியின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். உனக்கு வயல் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகப் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் ஆகிறது. ஏரல் கடல் வற்றியதில் பருத்திப் பாசனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திருப்பூரில் நொய்யலைக் கெடுத்ததும் பருத்திப் பனியன்தான். பருத்தியில் சாயம் ஏறக் கொட்டிய உப்பு ஆற்றோடு போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. உன்மேல் சாயம் ஏற்ற அந்த அளவு உப்புத் தேவையில்லை. ஆகவே நொய்யல் வழக்கில் நீ பெரும்பாலும் நிரபராதி, அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் நடந்ததையும் பார். கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைகள் வந்தன. செலவு அதிகம், எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆனாலும் பருத்தியின் குற்றத்துக்குப் பரிகாரம் உண்டு என்று அது காட்டியது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணிப் பருத்தி ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தறிகளை ஓட்டியது. இன்றும் சிலர் அதை விதைக்கிறார்கள். அந்தப் பஞ்சில் நெய்த முரட்டுத் துணியைக் கேட்டு வாங்க ஆளிருந்தால் இன்னும் சிலர் விதைப்பார்கள். உன் குற்றத்துக்கு அப்படியொரு பரிகாரத்தை நீ எங்களுக்கு விட்டுவைக்கவில்லை. ஆற்றில் போன உப்பை வடிகட்டலாம். ஆழ்கடல் உயிரின் வயிற்றுக்குள் போன இழையை யார் போய் வாங்கிவருவது?

உன் மறுபிறப்பைப் பற்றியும் பெருமையாகப் பேசுகிறார்கள். ‘மறுசுழற்சி பாலியஸ்டர்’ என்று பச்சை அட்டை போட்ட சட்டைகள் வருகின்றன. அவற்றில் ஆகப்பெரும்பாலானவை பழைய சட்டையிலிருந்து வந்தவையல்ல, தண்ணீர்ப் புட்டிகளிலிருந்து வந்தவை. புட்டி உருகி மீண்டும் புட்டியாகலாம், அதன்பின் இன்னொரு முறையும் ஆகலாம். சட்டையாக்கியபின் அந்தச் சுழற்சி அநேகமாக முடிந்துவிடுகிறது. பழந்துணி புதுத்துணியாவது உலகில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் கணக்குக் காட்டியது. பிறப்பு இறப்புச் சுழலிலிருந்து புட்டிகளுக்கு நீ முக்தி கொடுக்கிறாய். சலவையில் இழை உதிர்க்கும் வழக்கத்தை மறுபிறப்பிலும் விடுவதில்லை.

உன் பக்கத்து அலமாரியில் ரேயான் நிற்கிறது. ‘விஸ்கோஸ்’ என்றும் ‘மூங்கில் துணி’ என்றும் அதற்குப் பெயர்கள். மரக்கூழிலிருந்து வருவதால் மட்கும், உடம்புக்குக் குளிர்ச்சி. ஆனால் அதைச் செய்யக் கார்பன் டைசல்ஃபைடு என்ற நஞ்சு வேண்டும். சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் பவானி என்ன ஆனது என்று மேட்டுப்பாளையம் பக்கத்து வயதானவர்களைக் கேட்டால் மீன் செத்து மிதந்ததைச் சொல்வார்கள். அமெரிக்காவில் ரேயானை மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக வால்மார்ட்டும் கோல்ஸும் 2022-இல் சேர்ந்து 55 லட்சம் டாலர் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. கரைப்பானை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் செய்யும் லயோசெல் இந்த வகையில் மேலானது. இங்கே அதற்கு மேல் சொல்ல வேண்டாம், இது உன் புகழ்மாலை.

கடைசியாக உன்னை நான் வணங்குகிற இடம் ஒன்று உண்டு. 1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், கெட்டுப்போன மகாதமனிக்கு மாற்றுக்குழாய் செய்யத் துணி தேடிக் கடைக்குப் போனார். நைலான் கேட்டார், தீர்ந்துவிட்டது என்றார்கள். இருந்த டேக்ரானை வாங்கிக்கொண்டு போய், மனைவியின் தையல் இயந்திரத்தில் தானே குழாயாகத் தைத்தார். உடம்பு உன்னை அரிக்கவில்லை. நீ மட்கவில்லை, இளகவில்லை, இரத்தத்தின் வேகத்தைத் தாங்கினாய். உலகெங்கும் எத்தனையோ பேர் நீ குழாயாக உள்ளே இருப்பதால்தான் நடமாடுகிறார்கள். டிபேக்கிக்கே 97 வயதில் மகாதமனி கிழிந்தபோது, 2006-இல் அவர் மாணவர்கள் உன்னை வைத்துத்தான் தைத்தார்கள். மேலும் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அவர் கடையில் துணி தேடியது அழகைப் பார்த்தல்ல, அது எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற கணக்கை வைத்து.

உனக்கு அப்படிப்பட்ட வேலைகள் நிறைய உண்டு. காரின் சீட் பெல்ட்டுக்கும், பாரம் தூக்கும் பட்டைக்கும், மழைக்கோட்டுக்கும் நீ வேண்டும். அங்கெல்லாம் உன் சாகாவரம் எங்கள் உயிரைக் காக்கும். ஜவுளிக்கடையில் எங்கள் பிள்ளைக்கு அளவெடுத்துக்கொண்டே விற்பனையாளர் உன்னை மேசைமேல் விரித்துப் போடும்போது நான் சொல்லப்போவது இதுதான்: ‘அண்ணே, இது ரொம்ப நாள் இருக்கிற துணி, எங்க பிள்ளை ஆறு மாசத்துல வளர்ந்துடும். பருத்தியில ஏதாச்சும் எடுத்துப் போடுங்க, ஒரு சைஸ் பெருசாவே பார்க்கலாம்.’